கேட்டைத் தட்டிவிட்டுத் திற

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது.

நேற்று உன் அப்பா போனில் இரண்டு சேதி சொன்னான். செட்டிகுளத்தில் தபால் வேலையில் நீ சேர்ந்து ஒரு மாதம் முடிந்துவிட்டது என்பது ஒன்று. போன வாரம் ஒரு நாய் துரத்தியதில் வண்டியோடு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாய் என்பது இன்னொன்று. முதல் சேதியில் பூரித்த மனசு இரண்டாவதில் அப்படியே நின்றுவிட்டது. நாய் பல் பட்டதா, நகம் பட்டதா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லையாம்" என்று மழுப்புகிறான். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோகிற பெண், தன் பேருக்கு வந்ததைப் படிக்காமல் விடமாட்டாய் என்ற நம்பிக்கை இருக்கிறது.

உன் பெரியப்பா 31 வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். ஆட்டுக்கு ஊசி, மாட்டுக்குச் சினை ஊசி, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி என்று ஆலத்தூர் வட்டாரத்துக் காட்டுக்கொட்டாய்கள் பாதிக்கு மேல் அவர் கால் பட்டவை. ஆகவே இதில் வருவது படித்தது பாதி, பட்டது பாதி.

செட்டிகுளத்தைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். மலைமேலே கையில் கரும்பு ஏந்தி நிற்கிற தண்டாயுதபாணி, கீழே ஏகாம்பரேசுவரர், சுற்றிலும் சின்ன வெங்காயம். அறுவடை முடிந்தால் வயல் ஓரத்தில் பட்டறை போட்டு, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, காற்று புக வழிவிட்டு, மேலே கூரை வேய்ந்து வெங்காயத்தைக் காப்பார்கள். விலை ஏறுகிற வரைக்கும் குடும்பத்தின் ஒரு வருஷ உழைப்பு அதற்குள்தான். அந்தப் பட்டறை நிழலில் உச்சி வெயிலுக்கு எது படுத்திருக்கும்? நாய். நீ மணியார்டரும் விரைவுத் தபாலும் எடுத்துக்கொண்டு போகிற நேரமும் அந்த உச்சிப்பொழுதுதான். நாயின் கணக்கு எளிது. தினம் வருகிற ஆள் வீட்டு ஆள். மாசம் ஒருமுறை பையோடு வருகிற ஆள், வெங்காயத்துக்கு வந்த ஆள். அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அதன் வேலையை அது செய்கிறது. உன் வேலையை நீ கடிபடாமல் செய்ய வேண்டும்.

தபால்காரருக்கும் நாய்க்கும் உள்ள பகை உலகம் முழுக்க உண்டு, மகளே. அமெரிக்க அஞ்சல் துறையில் 2023-ல் மட்டும் 5,800-க்கு மேற்பட்ட ஊழியர்களை நாய்கள் தாக்கின. பிரிட்டனில் ராயல் மெயில் ஊழியர்கள் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் தாக்கப்படுகிறார்கள். அங்கே கதவிலேயே தபால் போடுகிற துளை இருக்கும். உள்ளே நிற்கிற நாய் விரலைக் கவ்விவிடுகிறது என்பதற்காக, கடிதத்தை உள்ளே தள்ள ஒரு சிறு பட்டையைத் துறையே ஊழியர் கையில் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடங்களில் பாதி நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். அவற்றில் முதலாவது, நாய் கண்ணில் படவில்லை என்பதற்காக நாய் இல்லை என்று நினைக்காதே என்பது. கேட்டின் கம்பியை இரண்டு தட்டுத் தட்டு. "தபால்!" என்று குரல் கொடு. உள்ளே நாய் இருந்தால் அதுவே பதில் சொல்லும். வீட்டார் வந்து கட்டுகிற வரைக்கும் வெளியில் நில். தூங்குகிற நாயைத் திடுக்கிட வைத்துவிட்டுச் சமாதானம் பேச முடியாது.

பெரியப்பாவைக் கடித்த ஒரே நாய் கட்டிப்போட்டிருந்த நாய்தான். இதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கொட்டாயில் கன்றுக்கு ஊசி போட்டுவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. சங்கிலி எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் குனிந்து எடுத்தார். குனிந்த ஆளின் கையும் முகமும் நாயின் உயரத்துக்கு வந்துவிடும் அல்லவா? அது உறுமக்கூட இல்லை. இடது மணிக்கட்டில் நான்கு பல். இன்றைக்கும் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிகிறது, அடுத்த முறை வரும்போது தொட்டுப் பார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது சங்கிலி எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது, தரையில் நாய் சுற்றித் தேய்த்த வட்டம் எதுவரைக்கும் இருக்கிறது என்பதைத்தான். புல் முளைக்காத அந்த மொட்டை வட்டத்துக்குள் கால் வைக்காதே.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம் பழமொழி ஒன்று உண்டு. அதை நம்பி வாசல் தாண்டியவர்களை மருந்தகத் திண்ணையில் நிறையப் பார்த்தாயிற்று. வால் ஆட்டினால் சிநேகம் என்பதும் அப்படித்தான். உடம்பு முழுக்க நெளிந்து, வால் தாழ்வாக, அகலமாக ஆடினால் சிநேகம். வால் மேலே தூக்கி, குச்சி போல விறைத்து, நுனி மட்டும் துடித்தால் அது எச்சரிக்கை. பிடரி மயிர் நிற்கிறதா, காது முன்னே குத்திட்டு நிற்கிறதா அல்லது பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மேல் உதடு சுருங்கிப் பல் தெரிகிறதா, கண் உன்மேலேயே குத்திட்டு நிற்கிறதா என்று பார். குரைத்துக்கொண்டே பின்வாங்குகிற நாய் பயந்த நாய். அதற்கு வழி விட்டால் போய்விடும். குரைத்துக்கொண்டிருந்தது சட்டென்று நிறுத்தி, அசையாமல் நின்று பார்க்கிறதா? அந்த அமைதிதான் ஆபத்து. அடுத்த நொடி பாயும்.

குட்டி போட்ட பெட்டை, எலும்போ சோறோ தின்னுகிற நாய், அடிபட்டு வலியில் கிடக்கிற நாய் ஆகிய மூன்றையும் எவ்வளவு பழக்கமானாலும் நெருங்காதே. ஐப்பசி கார்த்திகையில் பெட்டையின் பின்னால் ஏழெட்டு ஆண் நாய்கள் சுற்றும். அந்தக் கூட்டத்தைக் கண்டால் தெருவை மாற்று. தனி நாய்க்கு இல்லாத துணிச்சல் கூட்டத்துக்கு வந்துவிடும். மார்கழி, தையில் குட்டிகள் திண்ணைக்கு அடியிலும் பட்டறைக்கு அடியிலும் கிடக்கும். அந்த நேரத்தில் தாய் யாரையும் நம்பாது.

இனி நீ விழுந்த கதைக்கு வருவோம். வண்டியைப் பார்த்தால் நாய் ஏன் துரத்துகிறது? ஓடுகிற எதையும் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. வேகம் கூட்டினால் அதன் வேகமும் கூடும். நீ ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருப்பாய், காலை மேலே தூக்கியிருப்பாய், பின்னால் திரும்பிப் பார்த்திருப்பாய். ஹேண்டில் ஆடாமல் என்ன செய்யும்? பல முறை கடியைவிட விழுவதுதான் உயிருக்கு உலை. வாக் பக்ரி தேயிலை நிறுவனத்தின் செயல் இயக்குநர் பராக் தேசாய் 2023 அக்டோபரில் அகமதாபாத்தில் தன் வீட்டருகே கீழே விழுந்தார். தெருநாய்கள் துரத்தியதாகச் செய்திகள் வந்தன. உடம்பில் கடித்த தடம் இல்லை என்றது மருத்துவமனை. தலையில் ஏற்பட்ட ரத்தக்கசிவில் சில நாளில் இறந்துபோனார். எவ்வளவு பெரிய மனிதர், எத்தனை வசதி!

நாய் துரத்தினால் ஆக்ஸிலேட்டரை விடு. நேராகப் பார். மெல்லப் போ. முடிந்தால் நிறுத்திவிடு. ஓடாத வண்டியில் பெரும்பாலான நாய்களுக்குச் சுவாரஸ்யம் போய்விடும். இறங்க வேண்டி வந்தால் நாய் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கி, வண்டியை நடுவில் நிறுத்திக்கொள். ஹெல்மெட்டை மட்டும் கழற்றாதே. ஊருக்குள்ளேதானே என்று அதைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போகிற பழக்கம் உனக்கு இருக்கிறது, போன பொங்கலுக்குப் பார்த்தேன்.

நடந்து போகும்போது நாய் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடாதே. சொல்வது சுலபம், கால் கேட்காது என்று தெரியும். அதனால்தான் முன்கூட்டியே பழகிக்கொள்ளச் சொல்வது. மரம் மாதிரி நில். கை இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொள். கண்ணுக்குக் கண் பார்க்காதே, ஆனால் முதுகும் காட்டாதே. பக்கவாட்டில் நின்று ஓரக்கண்ணில் நாயை வைத்துக்கொள். கத்தாதே. குரல் கொடுப்பதானால் கட்டையான குரலில் "போ!" என்று ஒரு தடவை. பின்பு அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்து ஒரு சுவரோ மரமோ முதுகுக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள். காலால் உதைக்கப் போகிறவர்களின் கெண்டைக்காலில்தான் முதல் கடி விழுகிறது. கல்லை எடுக்கக் குனிந்தாலே நம் ஊர் நாய் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கூட்டமாக இருந்தால் குனியாதே, குனிந்தவளின் கழுத்து எட்டும்.

அப்படியும் பாய்ந்துவிட்டால், பையைக் கொடு. உன் தோளில் தொங்குகிற தபால் பைதான் உன் கேடயம். உடம்புக்கும் வாய்க்கும் நடுவில் அதை நீட்டு, அது கவ்வட்டும். குடை, துப்பட்டா, செருப்பு எதுவானாலும் சரி. கவ்வியதைப் பிடுங்காதே, பிடுங்கப் பிடுங்க இறுக்கும். அதில் பல் இருக்கிற வரைக்கும் உன்மேல் பல் இல்லை. உள்ளே இருக்கிற தபால் கிழிந்தால் மேலே எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். கையையோ காலையோ கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்காதே, சதை கிழிந்து வரும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு இழுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கையால் முகத்தையும் காதையும் மறை. கழுத்தும் முகமும்தான் முக்கியம், மகளே.

குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் நேராகக் கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். 2023 பிப்ரவரியில் ஹைதராபாத் அம்பர்பேட்டையில் காவலாளி வேலை பார்த்த தகப்பனோடு போன 4 வயதுப் பையனைத் தெருநாய்க் கூட்டம் கடித்தே கொன்றது. கேமராவில் பதிவான அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. உன் பெரியப்பா அதைப் பாதிக்கு மேல் பார்க்கவில்லை. தெருநாய்தான் இப்படி என்றும் இல்லை. 2024 மே 5-ஆம் தேதி சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் வளர்ப்பு ராட்வைலர் இரண்டு புகுந்து பூங்காக் காவலாளியின் 5 வயது மகளைக் குதறின. காப்பாற்றப் போன தாய்க்கும் கடி. தபால் கொடுக்கப் போகிற தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால், நாய் வந்தால் ஓடாமல் நிற்கச் சொல்லிக்கொடு. "மரம் விளையாட்டு" என்று பெயர் வைத்தால் அவர்களே விளையாடிப் பழகிவிடுவார்கள்.

இவ்வளவும் பல் படாமல் இருக்க. பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான பங்கு.

குழாயடிக்குப் போ. சாதாரணச் சோப்பு போதும். ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவு. 15 நிமிஷம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 15. கை வலிக்கும், காயம் எரியும், சுற்றி நிற்பவர்கள் "போதும் போதும்" என்பார்கள். நிறுத்தாதே. வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருந்து காயத்தில் இறங்குகிறது. அதற்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு, சோப்பு அந்த உறையைச் சிதைத்துவிடும். ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்; குழாய் உன் பக்கத்திலேயே இருக்கிறது. கழுவிய பின் பொவிடோன் அயோடின் இருந்தால் தடவு. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், சுட்ட காசு எதையும் அதன்மேல் வைக்க விடாதே. வயசில் பெரியவர்கள் யாராவது அன்போடு அப்பிவிட வருவார்கள். அன்போடே மறுத்துவிடு. கட்டும் போடாதே, தையலும் அவசரத்தில் வேண்டாம்.

அதோடு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். அரசு நிலையங்களில் ஊசி இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். ரத்தம் வந்த காயம் என்றால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தையும் காயத்தின் உள்ளேயும் சுற்றியும் போட வேண்டும். ஊசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் காவல் காப்பது அந்த மருந்துதான். கீறல் சின்னது, ரத்தம் வரவில்லை என்றாலும் ஊசி உண்டு. நாயைப் பத்து நாள் கவனி என்று சொல்வார்கள், அது சரிதான். நாய் பத்து நாளும் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஊசியும் கவனிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

28-ஆம் நாள் ஊசியைத்தான் ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள். காயம் ஆறிவிட்டது, களையெடுப்பு இருக்கிறது, ஒரு நாள் கூலி போய்விடும். இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஒரு வாரத்தில், சிலருக்கு ஒரு வருஷம் கழித்து. தண்ணீரைக் கண்டு மிரளுகிற நிலை வந்துவிட்டால் உலகத்தில் எந்த மருத்துவராலும் காப்பாற்ற முடியாது என்றே சொல்லலாம்.

2025 ஜூனில் உத்தரப் பிரதேசம் புலந்த்சஹர் மாவட்டத்தில் 22 வயதுக் கபடி வீரன் ஒருவன் இப்படித்தான் போனான். மாநில அளவில் பதக்கம் வாங்கிய பையன். சாக்கடையில் விழுந்து தவித்த நாய்க்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறான். குட்டி விரலில் கடித்தது. விளையாட்டில் பட்ட அடி போல அதையும் பெரிதாக நினைக்கவில்லை, ஊசி போடவில்லை. இரண்டு மாதம் கழித்து மரத்துப்போன கையோடு மைதானத்தில் நின்றான். இரக்கத்தால் செய்த காரியம், ஒரு சோப்புக்கட்டியும் நாலு ஊசியும் இல்லாமல் அவன் உயிரைக் கொண்டுபோனது. குட்டி நாய்க்கு வெறி வராது என்று உன் தெருவில் யாராவது சொன்னால் இந்தப் பையனை நினைத்துக்கொள்.

அதே 2025-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி ஊசி போட்டும் இறந்துபோனாள். தெருநாய் கடித்தது தலையில். ஊசியால் பயனில்லை என்று அப்போது சிலர் பேசினார்கள். அது தவறான பேச்சு. தலை, முகம், கழுத்து என்றால் மூளை பக்கத்தில். கிருமிக்குப் பயண தூரமே இல்லை. அந்த இடங்களில் கடி என்றால் பக்கத்து நிலையத்தில் காத்திருக்காமல் முதலுதவியோடு பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கே ஓட வேண்டும் என்பதுதான் அந்தக் குழந்தையின் சாவு சொல்கிற சேதி.

தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் பதிவான நாய்க்கடி ஏறக்குறைய 4.8 லட்சம். வெறிநோயில் இறந்தவர் 43 பேர். 43 வீட்டிலும் யாரோ ஒருவர் "சின்னக் காயம்தானே" என்று சொல்லியிருப்பார் என்றே பெரியப்பாவுக்குத் தோன்றும்.

ஊசிக்குப் பயப்படாதே. உன் தலைமுறைக்கு அந்தப் பயமே தேவையில்லை. பெரியப்பாவுக்கு 11 வயதில் நாய் நகம் பட்டதற்கு வயிற்றில் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாக 14 ஊசி போட்டார்கள். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த பழைய மருந்து அது. உன் ஆயா கை இரண்டையும் பிடித்துக்கொள்வாள், சாயங்காலம் சட்டை உரசினாலே அழுகை வரும். அந்த மருந்து இந்தியாவில் நின்று 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மெல்லிய ஊசி, இரண்டு மேல்கையிலும் ஒவ்வொரு குத்து, முடிந்தது. அந்த 14 ஊசிக்கும் முந்திய காலம் இன்னும் கொடியது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய் கடித்து இறந்தாள். அப்போது சிகிச்சை கிடைத்த இடம் இமயமலை அடிவாரத்துக் கசௌலி. தெற்கிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த முயற்சியில்தான் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் உருவானது. நீ போக வேண்டியது குன்னூருக்குக்கூட இல்லை, பக்கத்து ஊருக்கு.

கால்நடை வேலை பார்த்தவன் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். நீ போகிற கொட்டாயில் ஒரு பசுமாடு எச்சில் ஒழுக, தண்ணீர் குடிக்க முடியாமல், கரகரத்த குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தால், வீட்டுக்காரர் "தொண்டையில் என்னமோ சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கை விடப் பார்ப்பார். தடுத்துவிடு. வெறிநாய் கடித்த மாடு அப்படித்தான் இருக்கும். நாயிலும் அதேபோல ஊமை வெறி உண்டு. துரத்தாது, கடிக்காது, தாடை தொங்கி, எச்சில் வடிந்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பாவம் எலும்பு மாட்டிக்கொண்டது என்று வாயைத் திறந்து பார்த்தவர்கள் உண்டு. இந்த இரண்டையும் கண்டால் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு போன் போடு. வீடு வீடாகப் போகிற உன் கண்ணில்தான் இதெல்லாம் முதலில் படும்.

நாய்களையெல்லாம் அடித்துக் கொன்றால் தீர்ந்தது என்று டீக்கடையில் பேசுவார்கள். கோபம் புரிகிறது. பட்டியில் ஆட்டுக்குட்டியை இழந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? ஆனால் ஒரு தெருவில் நாயை ஒழித்தால், குப்பையும் கறிக்கடைக் கழிவும் அங்கேயே இருக்கிற வரைக்கும் அடுத்த தெரு நாய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். அதற்கு ஊசியும் போட்டிருக்காது. ஓர் ஊரில் 100 நாய்க்கு 70 நாய்க்காவது வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போட்டால் நோய் பரவுகிற சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கோவா அப்படிப் போட்டுத்தான் 2021-ல் நாட்டிலேயே முதல் ரேபிஸ் இல்லாத மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறியோ மூர்க்கமோ உள்ள நாயை மட்டும் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-ல் சொன்னது. ஊராட்சியில் கிராம சபை கூடும்போது இதைக் கேட்க வெட்கப்படாதே. தபால்காரப் பெண் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு.

வளர்ப்பவர்களிடமும் நயமாகச் சொல். நாயைச் சரியாகக் காக்காமல் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி விட்டால் பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். "அண்ணே, நான் வர்ற நேரம் பதினொண்ணு. அப்ப மட்டும் கட்டிப் போட்டுடுங்க, ஓய்வூதியம் சீக்கிரம் கைக்கு வரும்" என்றால் கேட்பார்கள். வாரம் இரண்டு நாள் அதே நேரத்துக்குப் போனாலே நாய்க்கு உன் வண்டிச் சத்தம் பழகிவிடும். நாயை வெறுக்கவும் வேண்டாம். நம் ராஜபாளையம் நாய் உன் துறையின் தபால்தலையிலேயே ஏறிய நாய். 2005-ல் வெளியிட்டார்கள், பெரியப்பாவின் ஆல்பத்தில் ஒன்று இருக்கிறது.

தினமும் நாய் முகத்தில் விழிக்கிற வேலை என்பதால் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்கிற வழியும் இருக்கிறது. கால்நடைத் துறையில் எங்களுக்கு அது வழக்கம். அப்படிப் போட்டிருந்தால் பின்னால் கடிபட்டாலும் இரண்டே ஊசிதான், அன்றும் 3-ஆம் நாளும். இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. மருத்துவரிடம் கேள்.

இப்போது உன் முழங்கை. அது ரோட்டுக் கல் சிராய்த்ததா, நாய் நகம் கீறியதா என்று உனக்கே நிச்சயமாகத் தெரியாது என்றுதான் பெரியப்பாவுக்குப் படுகிறது. துரத்துகிற நாய் தன் பாதத்தை நக்கியிருக்கும், அதே நகத்தில் எச்சில் இருக்கும். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்காதே. நாள் கடந்தாலும் ஊசி தொடங்கலாம், தொடங்கத்தான் வேண்டும். எந்த வீட்டு நாய், இன்றைக்கும் உயிரோடு திரிகிறதா என்று விசாரித்துக்கொண்டு போ. மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற நாள் எதுவானாலும், அன்றைய தபாலைக் கொடுத்து முடித்த கையோடு சுகாதார நிலையத்துக்குப் போ. சீட்டு வாங்கு. அடுத்த ஊசித் தேதிகளை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள். ராத்திரி போன் பண்ணி அந்தத் தேதிகளைப் பெரியப்பாவுக்குச் சொல். காலண்டரில் குறித்துக்கொள்ளப் பேனாவோடு காத்திருப்பேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா